பழைய மாணவர் சங்கங்களின் கொழும்புக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயற்குழுவினருக்கு,

வணக்கம். இது நன்கொடை கேட்கும் கடிதம் அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொருளாளர்மார் மேற்கொண்டு வாசிக்கமாட்டார்கள். நான் கேட்பது, இங்கிருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஒரு தமிழ் இணையப் பக்கம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று இந்த நகரத்தின் அனெக்ஸ்களிலும் போர்டிங் அறைகளிலும் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர். மென்பொருள் எழுதுகிறவர்கள் மட்டுமல்ல. கணக்கு எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், கடல் கடந்த ஒரு பல் வைத்தியரின் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ரொறொன்ரோவில் காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை. நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றினால் ஏழரை. மெல்பேர்ணுக்கு வேலை செய்பவர் விடியப்புறம் மூன்றரைக்கே மடிக்கணினியைத் திறக்கிற மாதங்களும் உண்டு. வீட்டுக்காரருக்கோ இது ஒன்றும் பிடிபடுவதில்லை. "தம்பி பகல் முழுக்க அறையிலதானே படுத்திருக்கிறார், வேலை வெட்டி ஒன்றும் இல்லையோ?"

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் பக்கத்து மேசையில் கேட்கலாம். இவர்களுக்கு அந்த மேசை வட்ஸ்அப் குழுதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் போனபோது, எந்த வலயத்துக்கு எப்போது மின்வெட்டு, யார் வீட்டில் இன்வேர்ட்டர் இருக்கிறது, எந்தக் கடையில் இருந்து வேலை செய்ய விடுவார்கள் என்பதையெல்லாம் அந்தக் குழுக்கள்தான் சொல்லின. வெள்ளவத்தை இருண்டால் தெஹிவளைக்கு, அங்கேயும் போனால் இன்னொரு நண்பன் வீட்டுக்கு என்று பலர் வேலையைக் காப்பாற்றியது அப்படித்தான்.

ஆனால் மின்வெட்டு அட்டவணை அடுத்த நாளே பழசாகிவிடும்; அது குழுவில் மறைந்து போனால் நட்டமில்லை. வேறு சில விடயங்கள் அப்படியல்ல. வெளிநாட்டுப் பணத்தை எந்த வழியாக எடுப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனிப்பது, சம்பளப் பத்திரம் இல்லாதவர் வங்கியில் கடன் கேட்டால் எதைக் காட்டுவது, முன்பணம் கட்டச் சொல்கிற 'வீட்டிலிருந்து வேலை' மோசடியை எப்படி அடையாளம் காண்பது. இதே கேள்விகள் மாதாமாதம் வருகின்றன. தெரிந்த ஒருவர் நல்ல பதில் எழுதுவார். அதன்மேல் நூறு பிறந்தநாள் வாழ்த்து வந்து விழும். ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. நிரம்பியதும் இரண்டாவது குழு தொடங்கும், அங்கே எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

வரியைப் பாருங்கள். வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி, வங்கி மூலம் வெளிநாட்டு நாணயமாகப் பெறும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு. உச்ச வீதம் 15 சதவீதம். குழுக்களில் பரவியது அந்த 15 மட்டும்தான். மாதம் இரண்டு இலட்சம் ரூபாய்க்குச் சமமாக உழைக்கும் ஒரு பிள்ளை உடனே கணக்குப் போட்டாள்: ஆண்டுக்கு 24 இலட்சம், அதில் 15 சதவீதம் என்றால் 3,60,000. பயந்துபோய், பணத்தை ஊருக்கே எடுக்காமல் விடலாமா என்று கேட்டாள். உண்மையில் முதல் 18 இலட்சத்துக்கு வரியே இல்லை. அதற்கு மேல் வரும் முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதம், அதையும் தாண்டினால்தான் 15. வேறு வருமானம் எதுவும் இல்லாத அவள் கட்டவேண்டியது ஆண்டுக்கு 36,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு! இதைச் சொல்ல ஒரு கணக்காளருக்கு ஐந்து நிமிடம் போதும்.

கணக்காளர் இல்லாத செயற்குழு உங்களில் எதற்காவது இருக்கிறதா? சட்டத்தரணி, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், வரித் திணைக்களத்தில் இருந்தவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். இராப்போசன விருந்தில் ஒரே மேசையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவைத் தமிழில் எழுதி, யாரும் திறந்து வாசிக்கக்கூடிய ஒரு இணையப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பொறுப்பாக ஒருவர்; கடைசியாகச் சரிபார்த்த திகதி மேலேயே தெரியவேண்டும். சென்ற ஆண்டின் வரி வீதம் இந்த ஆண்டு பொய்யாகிவிடும். திகதி போடாத குறிப்பு இல்லாத குறிப்பைவிட மோசம்.

இன்னொன்று, சிலருக்கு இது பிடிக்காது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக ஒன்று தொடங்கி, அங்கத்தவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவேண்டாம். ஹட்டனிலிருந்து வந்து வத்தளையில் போர்டிங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கொழும்பில் பழைய மாணவர் கிளையே இருக்காது. மூதூர்ப் பெடியனுக்கும் அப்படித்தான். பெரிய கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ஏற்கெனவே ஒரு அண்ணா, ஒரு மாமா என்று கேட்க ஆள் இருக்கிறது. பக்கம் உண்மையில் தேவைப்படுவது மற்றவர்களுக்கு.

முடிந்தால் ஒரு அறையும் தாருங்கள். உங்கள் கிளைகள் சிலவற்றுக்குக் காரியாலயம் உண்டு, மாதத்தில் ஓரிரு கூட்டம் தவிரப் பூட்டித்தான் கிடக்கிறது. இணைய இணைப்பும் நல்லதொரு யூபிஎஸ்ஸும் இருந்தால் போதும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு இருந்தது. இந்த நாட்டில் மின்சாரத்தை நம்பி நேர்முகத் தேர்வுக்கு இருக்கமுடியாது. ஆனால் அறை பிந்தினாலும் பரவாயில்லை. பக்கம்தான் முதலில்.

2025/26 ஆம் ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை 2026 நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கவேண்டும். பலருக்கு இதுதான் முதல் தடவை. வரி பற்றிய பக்கம் அதற்கு முன்பே வந்தாகவேண்டும். மீதித் தலைப்புகளைப் பிறகு பார்க்கலாம். தட்டச்சுச் செய்யவும் பக்கத்தை அமைக்கவும் எங்களில் சிலர் வருவோம், செலவு கேட்கமாட்டோம். கூட்டத்துக்குச் சனிக்கிழமை பகலில் கூப்பிட்டால் எல்லோருக்கும் வசதி.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்களில் ஒருவர்