நடைக்கணக்கு எங்கே சேர்கிறது? நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இரத்தச் சர்க்கரை எல்லையைத் தாண்டிவிட்டது என்று நீ எழுதியிருந்தது வருத்தம் தந்தது. ஆனாலும் மருத்துவர் மாத்திரையோடு நடையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதும், தங்கையும் காலையில் உன்னோடு வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடக்கக் கிளம்பிவிட்டார் என்பதும் மனத்துக்கு ஆறுதலாக இருந்தன. இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வுக்குப் பின் நான் மறுபடியும் சைக்கிள் மிதிக்கத் தொடங்கியிருக்கிறேன். வாரத்தில் சில நாள் பேரூர் வழியாகச் சிறுவாணிச் சாலையில் போய் வருகிறேன்; மற்ற நாட்களில் ரேஸ்கோர்ஸ் நடைபாதைதான்.

எந்த ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாம், அதில் பதிவாகும் கணக்கு டொராண்டோவில் இருக்கும் மகளுக்கும் உன் மருத்துவருக்கும் எப்படிப் போய்ச் சேரும், காப்பீட்டு நிறுவனத்தின் செயலியோடு அதை இணைக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். கடைக்குப் போனால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள்: திரை எவ்வளவு பெரிது, எத்தனை விளையாட்டு வகைகள், எத்தனை நாள் சார்ஜ் நிற்கும் என்று. நான் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மணிக்கட்டில் கட்டும் பட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் பழசாகிவிடும். உன் நடையும் துடிப்பும் தூக்கமும் சேர்ந்த பதிவுதான் பத்து ஆண்டுகள் கழித்தும் உனக்கும் உன் மருத்துவருக்கும் பயன்படப் போகிறது. ஆகவே அந்தப் பதிவு எங்கே சேர்கிறது, அதை நீ நினைத்தபோது வெளியே எடுக்க முடியுமா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தத் துறையில் பெரிய பெயர்கள்கூட நிலைத்ததில்லை. நைக்கி நிறுவனம் 2012இல் ஃபியூயல்பேண்ட் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. 2018 ஏப்ரலில் அதற்கான சேவையை நிறுத்திவிட்டது. இதே போன்ற பட்டைகளை விற்ற ஜாபோன் நிறுவனம் 2017இல் கலைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் பேண்டை 2016இல் விற்பனையிலிருந்து எடுத்து, 2019 மே மாதத்தோடு அதன் பதிவுகள் இருந்த இணையச் சேவையையும் மூடியது. இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிப் புகழ்பெற்ற பெபிள் கடிகாரத்தின் மென்பொருளையும் உரிமைகளையும் 2016 இறுதியில் ஃபிட்பிட் நிறுவனம் வாங்கியது. 2018இல் பெபிளின் சேவை நின்றது. அந்த ஃபிட்பிட்டையும் 2021 ஜனவரியில் கூகுள் வாங்கி முடித்தது. இவற்றை நம்பி ஆண்டுக்கணக்கில் பதிவு சேர்த்தவர்களில், உரிய நேரத்தில் தம் பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டவர்களுக்கே அது மிஞ்சியது.

இப்போது நிலைமை முன்பைவிட நல்லது. ஐபோனில் 2014 முதல் ஆப்பிள் ஹெல்த் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து 2022இல் ஹெல்த் கனெக்ட் என்ற ஏற்பாட்டை அறிவித்தன. ஆண்ட்ராய்டு 14 முதல் அது கைப்பேசியின் அமைப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரு பொதுப் பேரேடு என்று வைத்துக்கொள். பட்டையின் செயலி அதில் எழுதும். நீ அனுமதித்த வேறொரு செயலி அதிலிருந்து படிக்கும். காலடிக்கு ஓர் அனுமதி, இதயத் துடிப்புக்கு ஓர் அனுமதி, தூக்கத்துக்கு ஓர் அனுமதி என்று தனித்தனியாகக் கேட்கும். எழுதுவதற்கும் படிப்பதற்கும்கூட வேறுவேறு அனுமதிகள் உண்டு. அவசரத்தில் "அனைத்தையும் அனுமதி" என்ற பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடு. ஹெல்த் கனெக்டில் உள்ள பதிவு உன் கைப்பேசியிலேயே இருக்கிறது என்பது அதன் பெரிய சிறப்பு. ஆனால் அதே காரணத்தால் அதை மட்டுமே சேமிப்பிடமாக நம்பக் கூடாது. மூலப்பதிவு பட்டையின் செயலியில் உன் கணக்கில் இருக்கட்டும். இன்னொன்றையும் நினைவில் வை: ஹெல்த் கனெக்டில் புதிதாக ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தால், அது பொதுவாக அதற்கு முந்தைய 30 நாள் பதிவை மட்டுமே படிக்கும், பழையதையும் படிக்க வேண்டுமானால் அதற்கெனத் தனி அனுமதி வேண்டும். "ஆறு மாதக் கணக்கு எங்கே போயிற்று?" என்று பலர் திகைப்பது இதனால்தான்.

இணைக்கும்போது வரும் பெரிய தொல்லை இரட்டைக் கணக்கு. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும் காலடியை எண்ணும், கையில் இருக்கும் பட்டையும் எண்ணும். நம் கைப்பேசிகள் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கின்றன: ஆப்பிள் ஹெல்திலும் ஹெல்த் கனெக்டிலும் எந்த மூலத்துக்கு முன்னுரிமை என்று நாமே வரிசைப்படுத்தலாம். பட்டையை மேலே வைத்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டும் எண்ணிய காலடிகள் கூட்டப்படமாட்டா. ஆனால் பயிற்சிப் பதிவுகளில் இது இவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை. என்னைப் போலச் சைக்கிள் ஓட்டுபவரின் கடிகாரம் ஓட்டத்தைத் தன் செயலியில் எழுதுகிறது. அது இணையம் வழியே நேராக ஸ்ட்ராவாவுக்கும் (ஓட்டத்தையும் சவாரியையும் பதிந்து நண்பர்களோடு பகிரும் செயலி) போகிறது. இரண்டு செயலிகளுக்கும் பேரேட்டில் எழுத அனுமதி இருந்தால் ஒரே சவாரி இரண்டு சவாரியாகிவிடும். அதைப் படிக்கும் மூன்றாவது செயலி எரித்த கலோரியை இரட்டித்துக் காட்டி, அதற்கேற்ப உணவையும் கூட்டிப் பரிந்துரைக்கும். சர்க்கரைக்காக உணவை அளந்து உண்கிற உனக்கு இது விளையாட்டான பிழை அல்ல. ஆகவே ஒவ்வொரு வகைப் பதிவையும் பேரேட்டில் எழுத ஒரே ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி கொடு. மற்றவை படிக்க மட்டும் செய்யட்டும்.

அடுத்து, பட்டை காட்டும் எண்களில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது. பட்டையின் அடியிலுள்ள பச்சை ஒளி தோலுக்குள் போய் இரத்த ஓட்டத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் திரும்பி வருவதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறார்கள். தளர்வாகக் கட்டினால் கணக்கு கெடும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாதபடி கட்ட வேண்டும். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள்ளான பிழையோடு காட்டின. ஆனால் எரித்த கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிழை செய்தது, மிக மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கும் என்றாலும், கலோரி எண்ணைப் பார்த்து ஒரு வடை கூடுதலாகச் சாப்பிடலாம் என்று முடிவு செய்யாதே. காலடிக் கணக்கு கை அசைவை நம்பியிருப்பதால், தள்ளுவண்டியைப் பிடித்தபடி கடைக்குள் நடந்தால் குறையும். மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வண்டி ஓட்டினால் கூடும். தூக்கத்தின் மொத்த நேரம் ஓரளவு பொருந்தும்; ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டுவதெல்லாம் ஊகக் கணக்கு. மருத்துவமனையில் அதை மூளையின் மின்னலைகளைக் கொண்டே அளக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நீ கட்டாயம் கேட்க வேண்டும். ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையைக் காட்டும் என்று சொல்லி விலை மலிந்த கடிகாரங்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்காதே, யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் அதன் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதுபற்றி வெளிப்படையாக எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்று. தோலுக்கு அடியில் நுண்ணிய உணரியைச் செலுத்தி, கையில் ஒட்டிக்கொள்ளும் கருவி வேறு. அந்தக் கருவி எடுத்த அளவைக் கடிகாரம் வெறுமனே காட்டுவதும் இந்த எச்சரிக்கையில் சேராது. அது வேண்டுமா என்பதை உன் மருத்துவர் சொல்லட்டும்.

நாளுக்கு 10,000 காலடி நடந்தே தீர வேண்டும் என்று பல செயலிகள் இலக்கு வைக்கின்றன. இந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியிலிருந்து பரவியது. மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. சராசரி வயது 72 ஆன அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 காலடி நடந்தவர்களிடமே, 2,700 அளவில் நின்றவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அளவுக்கு மேல் அந்தப் பயன் கூடவில்லை. ஆகவே இலக்கைச் செயலியின் அமைப்பில் மாற்றிக்கொள். முழங்கால் வலியோடு நடக்கும் தங்கைக்கு இன்னும் குறைத்து வை. எட்டாத எண்ணை மாலைதோறும் பார்த்துச் சலிப்படைந்து பட்டையைக் கழற்றி வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டுச் செயலியைப் பற்றிக் கேட்டாய். நடந்தால் சந்தாவில் சலுகை என்று சில நிறுவனங்கள் தருகின்றன. அது உண்மையான பணம், பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தச் சலுகைக்குக் காலடிக் கணக்கு போதும் என்றால் காலடியை மட்டுமே கொடு. துடிப்பு, தூக்கம், எடை, இருப்பிடம் ஆகியவற்றுக்கான அனுமதியை மறுத்தாலும் செயலி இயங்குகிறதா என்று பார். இயங்கவில்லையென்றால் எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். நாளை உன் பாலிசியைப் புதுப்பிக்கும்போது உன் இரவுத் துடிப்பைப் பற்றி என்ன பேசப்படும் என்பதை இன்று நீயும் நானும் தீர்மானிக்க முடியாது. கூகுள் ஃபிட்பிட்டை வாங்க ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தபோது, அங்குள்ள பயனர்களின் உடல்நலத் தரவைப் பத்தாண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. நம் நாட்டில் 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கக் கோரவும் உரிமை தரும் பிரிவுகள் அதில் இருக்கின்றன. அதை எழுத்தில் மட்டும் விட்டுவிடாமல் நாம் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

இருப்பிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ட்ராவா 2017இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடியவர்களின் தடங்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. 2018 ஜனவரியில் அதைக் கூர்ந்து பார்த்தவர்கள், பாலைவனங்களின் நடுவே இருந்த இராணுவ முகாம்களின் வடிவத்தையே அதில் கண்டார்கள். வீரர்கள் காலையில் ஓடியதுதான் காரணம். நீ இராணுவ முகாமில் இல்லை. ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்பதை உன் நடைத்தடம் சொல்லிவிடும். வீட்டைச் சுற்றியுள்ள தடத்தை மறைக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது.

மகளுக்கு அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. ஐபோனில் ஆப்பிள் ஹெல்த் வழியே குடும்பத்தாரோடு பகிரும் வசதி, இருபுறமும் ஐபோன் இருந்தால்தான் நடக்கும். அவளிடம் ஐபோன், உன்னிடம் ஆண்ட்ராய்டு. இரண்டு வகைக் கைப்பேசியிலும் கிடைக்கும் ஏதாவது ஒரு செயலியில் நண்பராகச் சேர்ந்து காலடியை மட்டும் காட்டுவதே எளிய வழி. என் மனத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்: உன் துடிப்பையும் தூக்கத்தையும் நாள்தோறும் அவள் பார்க்க வேண்டியதில்லை. மூலையில் தெரியும் ஒரு சிவப்பு எண், பல ஆயிரம் மைல் தொலைவில் இருப்பவளின் ஒரு நாளைக் கெடுத்துவிடும். அந்த எண் பட்டை தளர்ந்ததால் வந்ததாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வாரக் கணக்கைச் சொல். மருத்துவருக்கும் செயலி தேவையில்லை. ஓய்வு நேரத் துடிப்பு, வாராந்திரச் சராசரிக் காலடி, வீட்டில் எடுத்த சர்க்கரை அளவு மூன்றையும் ஒரே தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போனால், அவர் இரண்டு நிமிடத்தில் படித்துவிடுவார்.

இனிப் பட்டை. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு வேலை செய்யாது, அதை விட்டுவிடு. உன்னுடையது சாம்சங் கைப்பேசி என்பதால் கேலக்ஸி ஃபிட் 3 போதும் என்பேன். 2024இல் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு வந்தது. இப்போது அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். அதில் ஜிபிஎஸ் கிடையாது, ஆகவே தடம் பதிய வேண்டுமானால் கைப்பேசியையும் எடுத்துச் செல்ல வேண்டும். கண்மாய்க் கரை நடைக்கு அது ஒரு குறையே அல்ல. அதன் சாம்சங் ஹெல்த் செயலி ஹெல்த் கனெக்டில் எழுதும்; முழுப் பதிவையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வழியும் அதன் அமைப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்து கணினியில் போட்டு வை. நாளைக்கு ஐபோனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை வாங்காதே, ஏனெனில் அது ஆண்ட்ராய்டோடு மட்டுமே சேரும். அப்போது கார்மின், அமேஸ்ஃபிட் போன்று இருபுறமும் இணங்கும் ஒன்றைப் பார்க்கலாம்.

வாங்கும் முன் உன் கைப்பேசியின் அமைப்புப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் என்ன என்று பார்த்து எழுது. 14க்குக் கீழே இருந்தால் ஹெல்த் கனெக்டைப் பிளே ஸ்டோரிலிருந்து தனியாக நிறுவ வேண்டியிருக்கும். முன்னுரிமை வரிசையை எங்கே போய் மாற்றுவது என்பதை உன் பதிப்புக்கு ஏற்ப அடுத்த கடிதத்தில் படிப்படியாக எழுதுகிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்