"ஒரே ஆள்தானே சார்?"

நாடக விழா நடத்தும் சபா செயலாளர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு விழாவுக்கு என் தனிநடிப்பைக் கேட்டார்கள். எந்த விழா என்பது வேண்டாம். 70 நிமிட நாடகம் என்றேன். "ஒரே ஆள்தானே சார், 20 நிமிஷத்துல முடிச்சிருங்க. அடுத்த குழு செட் போடுற வரைக்கும் ஜனங்க எழுந்து போகாம இருந்தா போதும்" என்றார்கள். திரைக்கு முன்னால் நின்றேன், கையில் மைக். பின்னால் ஆணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். சுத்தியல் பிடித்தவருக்கு நல்ல தாளக்கட்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அந்த 'ஒரே ஆள்தானே'வுக்கு வருகிறேன்.

சிலப்பதிகாரத்தில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் என்ற சிவன் கூத்தை ஆடுகிறான். ஒரே உடம்பில் சிவனும் உமையும். சிவன் பாதி ஆட, உமையின் பாதியில் 'பாடகம் பதையாது சூடகம் துளங்காது', அதாவது கால் கொலுசும் கை வளையலும் அசையவில்லை. செங்குட்டுவன் பார்த்து மகிழ்ந்தான். செட் மாற்றும் இடைவெளியில் ஆடச் சொன்னதாக இளங்கோ எழுதவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் கூடியாட்டம் என்ற சமஸ்கிருத நாடகக் கலையில் நிர்வஹணம் என்ற பகுதியைப் பாருங்கள். ஒரு பாத்திரத்தின் முன்கதையை ஒரே நடிகர் இரவு இரவாக ஆடுவார். அவரே ராவணன், அவரே சீதை. இப்படி ஆள் மாறி ஆடுவதற்குப் பகர்ந்நாட்டம் என்று தனிப்பெயரே உண்டு. அதன் கிளையாகப் பெண்கள் தனியாக ஆடும் நங்கியார்கூத்தில் ஒரு பெண், மிழாவு என்ற பானை வடிவ மேளம், தாளம், அவ்வளவுதான்.

எங்கள் பாடு இதுதான்: வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க எதிரில் ஆள் கிடையாது. தண்ணீர் குடிக்க உள்ளே போக முடியாது. என் நாடகத்தில் அப்பா குனிந்து பேசுவார், மகள் நிமிர்ந்து பார்ப்பாள். நடுவில் வெளிச்சம் மாற வேண்டும். லைட் போடுபவர் அரை நொடி பிந்தினால் மகளின் அழுகை அப்பாவின் முகத்தில் விழும். மைக்கைக் கையில் கொடுத்தால் ஒரு கை போச்சு.

தனிநடிப்பு எல்லாமே உசத்தி என்று சொல்லவில்லை. குரல் மாற்றினால் போதுமென்று மிமிக்ரி பண்ணிவிட்டுப் போகிறவர்களும் எங்களில் உண்டு. அவர்களைக் கூப்பிடாதீர்கள். கூப்பிடுகிறவருக்கு 100 நாற்காலி போடும் சின்ன இடம், லைட் ஒத்திகைக்கு அரை நாள், முழு நேரம் கொடுங்கள். அப்புறம் சன்மானம். தலையை எண்ணாமல் ஒத்திகை நாட்களை எண்ணுங்கள்.

ஞாயிறு காலையில் ஒத்திகை நடக்கிறது. வந்து பாருங்கள், டீ உண்டு.

இப்படிக்கு,
அந்த ஒரே ஆள்