மலருக்கு, அந்த மார்ஜின் கணக்கு பற்றி

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் 10,000 டாலரோடு தரகரிடம் 10,000 கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருப்பதாகச் சொன்னாய். இப்படிக் கடனில் பங்கு வாங்குவதைத்தான் மார்ஜின் என்கிறார்கள். போனில் கணக்குச் சொன்னால் பாதி காதில் ஏறாது. ஒரு பேப்பரோடு உட்கார்.

பங்குகளின் மதிப்பு 20,000, கடன் 10,000. விலை இறங்கும், கடன் இறங்காது. கடன் போக மிஞ்சுவது மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்காவில் உள்ள விதி. மதிப்பு 13,333 ஆகும்போது அந்த எல்லை வரும். அதற்குக் கீழே போனால் 'பணம் கட்டு' என்று தரகர் கேட்பார்; அதற்குப் பெயர் மார்ஜின் கால் (margin call). பல தரகர்கள் 30 சதவீதம் கேட்பார்கள். அப்போது எல்லை 14,286. எல்லாவற்றையும் ஒரே பங்கில் போட்டிருந்தால் இன்னும் கூடக் கேட்கலாம். அந்தச் சதவீதத்தை முன்னறிவிப்பில்லாமல் ஏற்றலாம், உன்னைக் கூப்பிடாமலே விற்கலாம். நீ படிக்காமல் 'சரி' அழுத்திய ஒப்பந்தத்தில் அது இருக்கும்.

மதிப்பு 12,000 ஆகிவிட்டது என்று வை. மிச்சம் 2,000, தேவை 3,000. பணமாகக் கட்டினால் 1,000 போதும். கட்டாவிட்டால் தரகர் 4,000 டாலர் பங்கை விற்பார். விற்ற பணம் கடனுக்குப் போகிறது. உன் மிச்சம் அதே 2,000-தான். பங்கு 8,000-க்குச் சுருங்கினால்தான் அது கால்வாசி ஆகும். ஆயிரம் குறைந்ததற்கு நாலாயிரம் விற்பனை, அதுவும் விலை விழுந்துகிடக்கும் நாளில்.

1929-இல் வால் ஸ்ட்ரீட்டில், அதாவது நியூயார்க் பங்குச் சந்தையில், இந்தக் கணக்குத்தான் ஒரே சமயத்தில் எல்லோர் தலையிலும் விழுந்தது. எவ்வளவு முன்பணம் என்பதற்கு அன்று அரசு விதி கிடையாது. பத்து, இருபது சதவீதம் போட்டு வாங்கியவர்களும் உண்டு. தரகருக்குப் பணம் கொடுத்தவை வங்கிகளும் பெரிய கம்பெனிகளும். அது கேட்ட நாளில் திருப்ப வேண்டிய கடன். மார்ச்சில் அதன் வட்டி 20 சதவீதத்தைத் தொட்டபோதும் வாங்க ஆள் இருந்தது! அக்டோபரில் தரகர்களின் கடன் பாக்கி ஏறக்குறைய 850 கோடி டாலர்.

செப்டம்பர் 3-இல், அமெரிக்கப் பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 381. அக்டோபர் 28, 29 இரண்டே நாளில் 299-இலிருந்து 230-க்கு இறங்கியது, அதாவது 23 சதவீதம். சந்தையோடு சேர்ந்து விழுந்த பங்கை 20 சதவீதம் போட்டு வைத்திருந்தவருக்குச் செவ்வாய் மாலை கையில் ஒன்றுமில்லை, கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருந்தாலும். அன்று 1.64 கோடி பங்குகள் கைமாறின. விலை அச்சிடும் டிக்கர் நாடா மணிக்கணக்கில் பின்தங்கியதால், என்ன விலை என்று தெரியாமலே 'வந்த விலைக்குத் தள்ளு' என்றார்கள். ஒருவருடைய கட்டாய விற்பனை விலையை இறக்கியது; இறங்கிய விலை அடுத்தவர் வீட்டு வாசலில் மார்ஜின் காலாக வந்து நின்றது.

அதன் பின் வந்த பெருமந்தம் என்ற பெரிய பொருளாதார வீழ்ச்சி முழுவதையும் இதன் தலையில் கட்டுவது சரியல்ல. 1930 முதல் 1933 வரை ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடியதுதான் பெரிய அடி என்பேன். டவ் 1932 ஜூலையில் 41-க்கு வந்தது; பழைய உச்சத்தை மறுபடி எட்டியது 1954 நவம்பரில். காத்திருப்பதா வேண்டாமா என்பதைக் கடனில்லாதவர் தானே முடிவு செய்தார். கடன் வாங்கியவரை யாரும் கேட்கவில்லை.

1934 சட்டத்துக்குப் பிறகுதான் கடன் அளவை விதிக்கும் அதிகாரம் அமெரிக்காவின் மைய வங்கியான பெடரல் ரிசர்வுக்கு வந்தது. 1974 முதல், வாங்கும்போது பாதி சொந்தப் பணம். உனக்குக் கடனை ஒன்றுக்கு ஒன்றோடு நிறுத்தியது தரகரின் நல்ல மனசு என்று நினைத்துவிடாதே.

இப்போது கணக்கைத் திறந்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்: கடன் பாக்கி, வட்டி விகிதம், உன் பங்குகளுக்குத் தரகர் கேட்கும் சதவீதம். 30 என்றால் கடனை 0.70-ஆல் வகு, 40 என்றால் 0.60-ஆல், வருவதுதான் எல்லை. வட்டி தினமும் கணக்காகும், மாதம் ஒருமுறை கடனோடு சேரும். போனஸ் வந்தால் புதுப் பங்கு வேண்டாம், கடனில் கட்டு. ஞாயிறு பேசும்போது அந்த மூன்று எண்களையும் முதலில் சொல்; மற்றதைப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அப்பா