முகத்துக்கு அந்த ட்யூபைக் கொடுக்காதீர்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும், கவுண்டரில் நின்று மருந்து எடுத்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

போன வியாழக்கிழமை ராத்திரி, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க ஒரு மெடிக்கலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், கல்லூரியில் படிக்கிற வயது. நீலத் துப்பட்டாவால் மூக்கு வரை மூடியிருந்தாள். அவள் முறை வந்ததும் துப்பட்டாவைக் கொஞ்சம் இறக்கி, "அண்ணா, புதுசா ஒரு ஃபேஸ் க்ரீம் போட்டேன், ஒரே எரிச்சலா இருக்கு, ஏதாவது குடுங்க" என்றாள். இரண்டு கன்னமும் சிவந்து தடித்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. கடைக்காரர் ஒரு நொடி பார்த்தார். திரும்பி ஒரு ட்யூபை எடுத்துக் காகிதக் கவரில் போட்டார். "காலைல ராத்திரி ரெண்டு வேளை போடும்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அட்டையைப் பார்த்ததுமே எனக்கு அடிவயிறு கலங்கியது. அதே ட்யூபின் காலி உறைகள் என் தங்கை வீட்டு பீரோவில் ஒரு மஞ்சப்பை நிறையக் கிடந்தன. "அண்ணே, அது ஸ்டீராய்டு, முகத்துக்குக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை. பதில் தேடுவதற்குள் அந்தப் பெண் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை எல்லாக் கடைக்காரர்களுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். டாக்டர் சீட்டு இல்லாமல், முகத்தில் பூச ஸ்டீராய்டு க்ரீம் கொடுக்காதீர்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுப் பெயர்களை என்னைவிட நீங்கள் ஆயிரம் தடவை அதிகம் பார்த்திருப்பீர்கள். ஒரே ட்யூபில் ஸ்டீராய்டோடு கிருமிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று என்று மூன்று நான்கு மருந்தைக் கலந்து வருவதும், படர்தாமரையில் ஆரம்பித்துப் பரு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதையே எடுத்து நீட்டுவதும் தெரிந்த கதைதான். அப்புறம், 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-க்குள், அதாவது சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற மருந்துப் பட்டியலுக்குள், கொண்டுவந்ததும் தெரியும். தோல் மருத்துவர்கள் பல வருடம் கேட்டுக் கேட்டுத்தான் அது நடந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அட்டையிலேயே அச்சாகி வருகிறது. அந்தப் பொடி எழுத்து எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தினமும் கையாளுகிற உங்களுக்குத் தெரியும்.

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கொழுந்தனார் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, போனில் விளம்பரம் பார்த்து ஒரு சீரம் வரவழைத்தாள். தோலின் மேல்படலத்தை உரிக்கிற கிளைகாலிக் ஆசிட் கலந்தது. வாரத்தில் இரண்டு ராத்திரி போட வேண்டியதை, சீக்கிரம் பளபளப்பு வரட்டும் என்று தினமும் இரண்டு வேளை போட்டிருக்கிறாள். போதாக்குறைக்கு நடுவில் ஸ்க்ரப் வேறு. நான்காம் நாள் முகம் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி எரிந்தது. பயந்துபோய் ஒரு மெடிக்கலுக்குப் போனாள். எந்தக் கடை என்று சொல்வதில் பயனில்லை. எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் அநேகமாக அதேதான் கிடைத்திருக்கும். ட்யூப் கொடுத்தார்கள். மறுநாளே எரிச்சல் அடங்கியது. மூன்றாம் நாள் சிவப்பும் போய் முகம் வெளுப்பாகக்கூடத் தெரிந்தது. கல்யாணத்தில் எல்லாரும் "என்ன போடுற?" என்று கேட்டார்கள். அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அதனால் வருகிற வெளுப்பு அது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கல்யாணம் முடிந்து நிறுத்தினாள். இரண்டே நாளில் முதலில் இருந்ததைவிட மோசமாக எரிந்தது. திரும்பப் போட்டாள், அடங்கியது. நிறுத்தினாள், எரிந்தது. இப்படியே எட்டு மாதம், 11 ட்யூப். ஒரு தடவைகூட யாரும் அவளிடம் சீட்டு கேட்கவில்லை. ஒரு தடவைகூட, "இன்னுமா இதைப் போடுறே?" என்று கேட்கவில்லை. இந்த இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் ட்யூபை அவசரத்தில் கொடுத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பதினோராவதைக் கொடுத்த கை எதை நினைத்துக் கொடுத்தது?

கடைசியில் அவளால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. தோசைக்கல்லின் சூடு முகத்தில் பட்டால் உயிர் போகிறது என்பாள். ஒரு மெல்லிய துண்டை நனைத்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருப்பாள். ஒரு தோசை ஊற்றுவாள். போய்த் துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வாள். வந்து திருப்பிப் போடுவாள், மறுபடி போய் ஒற்றிக்கொள்வாள். மூன்று பேருக்குத் தோசை சுட ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மாப்பிள்ளை கேஸ் அடுப்பைப் பின்வாசலுக்கு மாற்றி, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்தார். காற்றில் தீ அணைந்து அணைந்து போகும். ராத்திரி தலையணையில் கன்னம் பட முடியாமல் மல்லாந்தே படுத்திருப்பாள். நான் போயிருந்த ஒரு நாள், அவள் மூன்று வயது மகன் ஓடிவந்து முத்தம் கொடுக்கப் போனான். அவள் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கன்னத்தில் நூல் நூலாக ரத்த நாளம் தெரிந்தது, தாடையில் பூனைமுடி வளர்ந்திருந்தது, நெற்றி முழுக்கப் பரு. "என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டதும் மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தாள். அவர் திட்டவில்லை. வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய ட்யூப்களை ஒவ்வொன்றாக நீவி வரிசையாக அடுக்கி, எச்சரிக்கை அச்சிட்ட இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இது ஸ்டீராய்டுக்கு அடிமையாகிப்போன முகம் என்றார். இதற்கென்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்களாம். பெயர் வைக்க வேண்டிய அளவுக்கு அப்படி முகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. முகத்தோல் மெல்லியது, பூசியதை வேகமாக உறிஞ்சும் என்றும் விளக்கினார். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றி சுமார் 6 மடங்கும் தாடையோரம் சுமார் 13 மடங்கும் ஸ்டீராய்டை உள்ளே இழுக்கும் என்று 1960-களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். கை காலில் வந்த கரப்பானுக்குச் சில நாள் போட வேண்டிய மருந்தை அவள் எட்டு மாதம் கன்னத்தில் தேய்த்திருக்கிறாள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்து, இந்த இடத்தில், இத்தனை நாள், இவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. அந்த "இத்தனை நாள்" என்ற பேச்சே உங்கள் கவுண்டரில் எழவில்லை.

உங்கள் நிலைமையும் எனக்குப் புரிகிறது. நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எரியும் முகத்தோடு வந்து நிற்பவருக்கு அந்த நேரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, ஃபீஸ். எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு நீங்கள்தான் முதல் டாக்டர், பல நேரம் ஒரே டாக்டர். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் இவ்வளவு கோபமும் வருகிறது. தெரியாதவர் கொடுத்திருந்தால் விட்டிருப்பேன். "அண்ணா" என்று கூப்பிட்டு வாங்கியது அது.

இதில் உங்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மாநிறமாகப் பிறந்த பிள்ளையைத் தொட்டிலிலேயே வைத்து "கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்கிற வீடு, ஏழு நாளில் சிவப்பாகலாம் என்று விற்கிற விளம்பரம், எதைக் கலந்தது என்றே எழுதாத டப்பாவைத் தருகிற பார்லர் என்று எல்லாரும் சேர்ந்துதான் அவளை அந்த சீரத்தின் பக்கம் தள்ளினார்கள். 2023-ல் கேரளாவின் மலப்புறம் பக்கத்தில், வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது செய்தியாக வந்ததே. அதில் சந்தேகம் போனது பாதரசத்தின் மேல். கண்ணுக்குப் போடுவது தவிர மற்ற அழகுப் பொருள்களில், தவறிப்போய்க் கலந்தாலும் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று 2020-ம் வருட விதி சொல்கிறது. விதி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. டப்பாவைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. நம் பெண்களின் முகம் இவ்வளவு மலிவாகப் போய்விட்டதா?

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

ட்யூபுக்குப் பதில் என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். எங்கள் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். புதிதாகப் போட்டதை உடனே நிறுத்த வேண்டும், அதோடு ஃபேஸ் வாஷ், ஸ்க்ரப், பவுடர் எல்லாவற்றையும். வெறும் குளிர்ந்த தண்ணீரில் தேய்க்காமல் கழுவி, நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுக்கலாம். ஐஸை நேராக வைக்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகப் பூசிவிட்டு வெயிலில் போகாமல் இருக்க வேண்டும். எலுமிச்சை, மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். வெறும் எரிச்சல் என்றால் பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். தணியாவிட்டாலோ, நீர்க்கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். கண்ணிமை, உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. இதைச் சொல்ல உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பெட்ரோலியம் ஜெல்லியும் உங்கள் கடையில் விற்கிற பொருள்தானே. புது க்ரீம் வாங்குகிறவரிடம், முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் இந்த எரிச்சலோடு வரவே மாட்டார்கள்.

தங்கை இப்போது தேறி வருகிறாள். ட்யூபை விட்ட முதல் இரண்டு மாதம் நரகம். இப்போது சிவப்பு குறைந்திருக்கிறது. நூல் மாதிரி தெரிந்த நாளங்கள் இன்னும் இருக்கின்றன. அடுப்பு மறுபடி உள்ளே வந்துவிட்டது.

அதனால் திரும்பவும் கேட்கிறேன். சீட்டு இல்லாமல் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் கொடுக்காதீர்கள். தயவுசெய்து. கடை முதலாளிகள் இதைக் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம் ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் வாங்கிப் போகிறவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அவர்கள் வரும்போது, திடீரென்று நிறுத்தி அவதிப்படாமல், டாக்டரைப் பார்த்து விடச் சொல்லுங்கள்.

அந்த நீலத் துப்பட்டாப் பெண்ணுக்கு இந்நேரம் எரிச்சல் அடங்கியிருக்கும். ட்யூப் தீர்ந்ததும் இரண்டாவதற்கு வருவாள். உங்கள் கடைக்கும் வரலாம். அவளிடம் அந்த ட்யூபை எடுத்துக் கொடுக்காமல், அவள் முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். எத்தனை நாளாகப் போடுகிறாள் என்று கேளுங்கள்.

நன்றியுடன்,
11 ட்யூப் வாங்கிய ஒருத்தியின் அக்கா