எங்கேயும் போகாத சைக்கிள்: லேத் பாஸ் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாஸ் மாமாவுக்கு,

போன வாரம் கடை வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, அந்த இரும்புத் துண்டெல்லாம் இன்னும் கிடக்கா, இல்ல பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டீர்கள். மஸ்கெலியா பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "இருக்குங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். பஸ்ஸில் நின்றபடி யோசித்தபோது வெட்கமாக இருந்தது. 2022-லிருந்து உங்களிடம் வேலை வாங்குகிறோம். அதை வைத்துச் சைக்கிளில் என்ன வித்தை செய்கிறோம் என்று ஒருநாளாவது உட்கார்ந்து சொன்னோமா? இல்லை.

நீங்கள் இணையம் பக்கம் போக மாட்டீர்கள். உங்கள் மகள் பார்ப்பார் என்று தெரியும். அக்கா, இதை மாமாவுக்குக் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். லேத் ஓடும்போது வேண்டாம்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா மாமா? மார்ச் மாதக் கடைசி. இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலம். ஹட்டன் டவுனில் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, வரிசையில் ஆட்களுக்குப் பதிலாகக் கேன்கள். நீங்கள் ஓடாத லேத்துக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நானும் பேக்கரியில் வேலை செய்கிற கூட்டாளியும் கொப்பியில் கீறிய படத்தை நீட்டினோம். ஒன்றரை அங்குல உருளை, நாலு அங்குல நீளம், ஒரு முனை மூடி, அதில் 3/8 அங்குல ஓட்டை.

"இதை எங்கப்பா பூட்டப் போறீங்க?"

"சைக்கிள் ஆக்ஸில்லங்க மாமா."

"எதுக்கு?"

"ஏறி நிக்க."

"ஏறி நின்னு எங்க போகப் போறீங்க?"

பேக்கரிக்காரன் யோசிக்காமல் சொன்னான்: "எங்கயும் போறதில்லைங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏறி நிக்கிறதுன்னா வழுக்கும். நர்லிங் போட்டுத் தர்றேன், கரண்ட் வரட்டும்" என்றீர்கள். அன்றிரவு எத்தனை மணிக்குக் கரண்ட் வந்தது, எப்போது கடைந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் போனபோது பழைய பேப்பரில் சுற்றி நாலு துண்டு இருந்தது. இரண்டுக்குத்தான் காசு எடுத்தீர்கள். அம்மாவின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக இருந்த நேரம் அது. நாங்கள் உங்களிடம் பேரம் பேசாததற்குக் காரணம் மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில், பேரம் பேச எங்களுக்கு அந்த வேலையின் விலை தெரியாது.

வழுக்காமலிருக்க இரும்பின் மேல் நீங்கள் போட்ட சொரசொரப்பு, அந்த நர்லிங், என் இடது கால் முன்னெலும்பில் இன்னும் இருக்கிறது மாமா. சின்னச் சின்ன டைமண்ட் கட்டமாக, ரப்பர் ஸ்டாம்ப் குத்திய மாதிரி. கால் தவறினால் அந்த இரும்பு நேரே அங்கேதான் வந்து அடிக்கும். எங்கள் ஐந்து பேர் காலிலும் உங்கள் கைவேலை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு ஃப்ளாட்லேண்ட் என்று பெயர். 20 அங்குலச் சக்கரம் வைத்த பி.எம்.எக்ஸ் சைக்கிள். மேடை கிடையாது, பாய்ச்சல் கிடையாது. மட்டமான ஒரு துண்டுத் தரை போதும். அதில் வட்டம் அடித்துக்கொண்டே, பெடலை விட்டுவிட்டு, நீங்கள் கடைந்து தந்த இரும்புத் துண்டு, அதாவது பெக் மேல் ஏறி, ஒற்றைச் சக்கரத்தில் உருண்டு, ஹேண்டிலைச் சுற்றிச் சட்டத்தைத் திருப்பி, மறுபடி சீட்டுக்கு வருவது. கிட்டத்தட்ட சைக்கிளோடு ஆடுகிற கூத்து.

மட்டமான தரை என்றுதான் சொன்னேன். நம்ம பக்கத்தில் அது எங்கே இருக்கிறது? தேயிலைத் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருப்பது என்றால் போகும்போது சைக்கிள் நம்மைக் கொண்டுபோகும், வரும்போது நாம் சைக்கிளைக் கொண்டுவர வேண்டும். லயத்து வாசல் சரிவு, கோயில் வாசல் படி, பெரட்டுக்களம் கல்லும் மண்ணும். நாங்கள் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தது, பறித்த கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவம். சீமெந்துத் தரை, தலைக்கு மேலே தகரம், மழை வந்தாலும் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுப்பதும் இல்லை. கணக்குப்பிள்ளை ஐயாவிடம் கேட்டோம். "கூட்டிட்டு விளையாடு, கூட்டிட்டுப் போ" என்று இரண்டு முறை கூட்டச் சொன்னார். இன்றுவரை இரண்டு முறை கூட்டுகிறோம்.

ஆனால் அந்தத் தரையும் முழு மட்டம் இல்லை மாமா. கழுவிவிட்டால் தண்ணீர் கானுக்கு ஓடுகிற மாதிரி ஒரு பக்கம் லேசாகச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். எந்த வட்டம் போட்டாலும் சைக்கிள் மெல்லக் கான் பக்கமே இழுக்கும். நாங்களும் தெரியாமலேயே உடம்பை எதிர்ப்பக்கம் சாய்க்கப் பழகிவிட்டோம். போன வருஷம் நாங்கள் மூன்று பேர் கொழும்புக்குப் போனபோது, விடியற்காலையில் காலிமுகத்திடல் நடைபாதையில் ஆசையாகச் சைக்கிளை இறக்கினோம். அசல் மட்டத் தரை. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே பக்கம் விழுந்தோம், இல்லாத கானுக்குப் பயந்து. நடக்க வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "எந்த ஊர்?" என்று கேட்டார். ஹட்டன் என்றதும் ஏனோ தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் சக்கரத்தின் நடுவில் இருக்கிற அந்த ஹப்பின் கதை. அதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, செய்ததே நீங்கள்தான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண சைக்கிளைப் பின்னால் உருட்டினால் பெடலும் சேர்ந்து பின்னால் சுற்றும். பெக்கில் நிற்கிறவனுக்கு அது தொல்லை, காலில் வந்து அடிக்கும். சக்கரம் பின்னால் போனாலும் பெடல் அசையாமல் நிற்கிற ஹப் ஒன்று இருக்கிறது. ஃப்ரீகோஸ்டர் என்பார்கள். கொழும்பில் விலை கேட்டபோது பேக்கரிக்காரனின் ஒரு மாதச் சம்பளம் சொன்னார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கிற பழைய ஹப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் பிரேக் கட்டைகளை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட அதே வேலை செய்யும் என்று எங்கோ படித்திருந்தோம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பையன்களும் அப்படித்தான் செய்தார்களாம். ஒரு சிறுபிள்ளைச் சைக்கிளின் ஹப்பைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தோம்.

நீங்கள் அதைத் திறந்ததும் எங்களை மறந்துவிட்டீர்கள். உள்ளே சுருள் மரை, அதன் மேல் ஏறி இறங்கும் கூம்பு. முன்னால் மிதித்தால் கூம்பு ஒரு பக்கம் ஏறி ஹப்பைக் கவ்வும். பின்னால் மிதித்தால் மறுபக்கம் போய்க் கட்டைகளை விரிக்கும். கட்டை இல்லையென்றால் கூம்பு சும்மா நடுவில் நிற்கும், சக்கரம் தன்பாட்டில் எந்தப் பக்கமும் ஓடும். கட்டைகளோடு சேர்த்து நாங்கள் ஒரு சின்ன ஸ்பிரிங்கையும் தேவையில்லை என்று கழற்றி வைத்திருந்தோம். பூட்டிப் பார்த்தால் பெடல் காற்றில் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. நீங்கள் அந்த ஸ்பிரிங்கை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "இது பிடிச்சு இழுக்கலைன்னா கூம்பு மரையோடயே சுத்தும்பா, ஏறாது. இதுதான் இதுக்கு மூக்கணாங்கயிறு" என்றீர்கள். எத்தனையோ வீடியோ பார்த்தும் எங்களுக்குப் புரியாதது அந்த ஒரு சொல்லில் புரிந்துபோனது.

பிரேக் இல்லாத சைக்கிளை நம்ம ரோட்டில் ஓட்டுவோமோ என்று கவலைப்பட்டீர்கள் அல்லவா? ஓட்டுவதில்லை மாமா. தோளில் தூக்கிக்கொண்டுதான் மடுவத்துக்குப் போகிறோம். பார்க்கிறவர்கள் எங்கள் சைக்கிள் எப்போதும் பழுது என்று நினைக்கிறார்கள்.

இப்போது ஆட்களைச் சொல்கிறேன். பேக்கரிக்காரன் சனி இரவு வேலை முடித்துத் தூங்காமல், தலைமுடியில் மாவோடு வருவான். கையில் முந்தின நாள் பணிஸ் ஒரு பை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவில் வேலை செய்கிற டீச்சர். எங்களில் பயம் குறைந்தவர் அவர்தான், முதலில் ஒற்றைச் சக்கரத்தில் நின்றதும் அவர்தான். தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். அப்புறம் நான். ஐந்து பேருக்கு மூன்று சைக்கிள். அதனால் எப்போதும் இரண்டு பேர் காத்திருக்க வேண்டும். மடுவமும் ஒரு நேரத்தில் ஒருவர் சுற்றத்தான் காணும், ஆகவே உண்மையில் நாலு பேர். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பாதி சந்தோஷம் என்று சொன்னால் நம்புவீர்களா? தகரத்தில் மழை. கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டி. நடுவில் ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். சப்பாத்து டயரில் உரசும் சத்தம் கீச் கீச்சென்று வரும். வித்தை சரியாக வந்தால் எல்லோரும் தகரத் தூணை உள்ளங்கையால் ஓங்கி அறைவோம். விழுந்தாலும் அறைவோம், கொஞ்சம் மெதுவாக. தனியாகப் பழகிய நாட்களும் உண்டு. அரை மணி நேரத்தில் சலித்துப் போகும். நாலு பேர் இருந்தால் இருட்டியது தெரியாது.

அண்ணன்காரன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுப்பான். போனை எங்கே வைப்பது? கொழுந்து நிறுக்கிற தராசுக் கொக்கியில் ஒரு பையைக் கட்டி அதில் தொங்க விடுவோம். அங்கிருந்து அவன் கத்துவான்: "கையை நீட்டுடா, நீட்டு!" காற்றடித்தால் போன் சுற்றும், அவன் கூரையிடம் கத்துவான்.

இந்த வித்தையெல்லாம் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1970களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பாப் ஹாரோ என்பவர் பந்தய சைக்கிளை வைத்து வித்தை காட்டத் தொடங்கினார். எனக்குப் பிடித்தது அவருக்குப் பின்னால் வந்த கெவின் ஜோன்ஸ். பென்சில்வேனியாவில் யோர்க் என்று ஒரு தொழிற்சாலை ஊர். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் பூட்டுகிற ஊர் என்றால் உங்களுக்குப் பிடிக்கும். அங்கே 1980களில் அவரும் கூட்டாளிகளும் பிளைவூட் ஹூட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றாகப் பழகினார்கள். ஓரிடத்தில் நின்று குதித்துச் செய்துகொண்டிருந்த வித்தைகளை உருண்டுகொண்டே செய்ய வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. தாங்களே வீடியோ எடுத்துக் கேசட்டாக விற்றார்கள். 2008-இல் பி.எம்.எக்ஸ் பந்தயம் ஒலிம்பிக்குக்குப் போனது, டோக்கியோவில் மேடை ஏறிப் பாய்கிற ஃப்ரீஸ்டைலும் சேர்ந்தது. எங்களுடையது சேரவில்லை. எனக்கு வருத்தமில்லை. சேர்ந்தால் யாராவது விசிலோடு மடுவத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு வித்தையை மட்டும் கிட்டத்தில் சொல்கிறேன். ஹேங் ஃபைவ். வேகமாக வந்து, இடது காலை முன் சக்கரத்துப் பெக்கில் வைத்து, உடம்பை முன்னால் கொடுக்க வேண்டும். பின் சக்கரம் தானாக மேலே எழும். பிரேக்கின் துணை கிடையாது. இரண்டு கையும் ஹேண்டிலில் நேராக, வலது கால் காற்றில். அந்த வலது காலை ஆட்டித்தான் நிறை சரி பார்க்க வேண்டும், தராசில் படி போடுகிற மாதிரி. கூடக் கொடுத்தால் தலைகீழ், குறையக் கொடுத்தால் பின் சக்கரம் தொப்பென்று விழும். பேக்கரிக்காரன் இரண்டு வருஷம் முயன்றான். மூன்று அடி, ஐந்து அடி, அதற்கு மேல் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, மூடுபனி மடுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எதிர்த் தூண் தெரியவில்லை. அவன் காலை வைத்தான், எழும்பினான், பனிக்குள் போய்விட்டான். சத்தமே இல்லை. விழுந்தால் சத்தம் கேட்க வேண்டுமே. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கான் பக்கமிருந்து, ஒற்றைச் சக்கரத்திலேயே, முழு வட்டம் முடித்து வெளியே வந்தான் மாமா. முகத்தில் சிரிப்புக்கூட இல்லை, பயந்துபோன ஆள் மாதிரி இருந்தான். யாரும் தூணை அறையவில்லை, மறந்துவிட்டோம். தராசுக் கொக்கியிலிருந்து, "என்னடா ஆச்சு? ஒண்ணும் தெரியலடா, யாராச்சும் சொல்லுங்கடா!" என்று ஒரே கூச்சல்.

அந்த இடது பெக் நீங்கள் முதலில் கடைந்த நாலில் ஒன்று. இப்போது அதன் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது, எவ்வளவு இறுக்கினாலும் ஆடுகிறது. ஆக்ஸில் மரையும் நுனியில் போய்விட்டது. புதிதாகக் கடைவதா, இதற்கே உள்ளே புஷ் அடிக்கலாமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரனுக்குப் புதிது வேண்டாமாம், இதையே சரிப்படுத்தித் தரச் சொல்கிறான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொண்டுவருகிறேன். கடை திறந்திருக்குமா என்று அக்காவை ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். இந்தத் தடவை நாலுக்கும் சேர்த்துக் காசு எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மடுவத்துப் பையன்