அமெரிக்காவின் டூசானிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

பாலைவனத்தில் என்ன செடி வரும் என்று போனில் கேட்டீர்களே. நிறைய வரும் அப்பா. டூசானில் வருஷத்துக்குச் சுமார் 270 மில்லிமீட்டர் மழைதான், நம் தாராபுரத்தைவிட வறட்சி. அந்த மழையிலேயே பிழைக்கிற இந்த ஊர்ப் புதர்களைத்தான் வாசலில் வைத்திருக்கிறோம்.

பிரிட்டில்புஷ் என்று ஒன்று. இலை முழுக்க வெள்ளை ரோமம், வெயிலைத் திருப்பி அடித்துவிடும். மழை தப்பினால் இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடக் கூடாது. ஹொஹோபா என்று இன்னொரு புதர். அதன் இலைகள் செங்குத்தாக நிற்பதால் உச்சி வெயில் விளிம்பில்தான் படும். பனையைப் போல ஆண், பெண் தனித்தனிச் செடி. நம் ஆவாரைக்குச் சொந்தமான செடிகூட ஒன்று இங்கே உண்டு, அதே மஞ்சள் பூ.

நடுவதற்கு ஐப்பசி, கார்த்திகைதான் நல்ல பருவம். குழி அகலமாக இருக்க வேண்டும், ஆழம் வேர்மண் அளவு போதும். எரு வேண்டாம். அடியில் சுக்கான் பாறை இருந்தால் கடப்பாரையால் உடைத்து, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் நட வேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டு, அப்புறம் நாள் தள்ளித் தள்ளி ஆழமாக விட வேண்டும். தினமும் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். சிலர் இவற்றைப் பந்து பந்தாகக் கத்தரித்துப் பூவே இல்லாமல் செய்கிறார்கள், பார்த்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம் கொறங்காட்டில் மாடு மேய்கிற அதே கொழுக்கட்டைப் புல்தான் இங்கே பெரிய தொல்லை. மேய்ச்சலுக்கென்று எப்போதோ கொண்டுவந்திருக்கிறார்கள். அது மலைச்சரிவில் பரவி, புதருக்கும் புதருக்கும் நடுவே இருந்த வெற்று நிலத்தை மூடிவிட்டது. முன்பெல்லாம் தீப்பிடித்தாலும் அந்த இடைவெளியில் அணைந்துவிடும். இப்போது காய்ந்த புல் வழியாக ஓடுகிறது. புதர்களோ சகுவாரோ கள்ளியோ தீயைத் தாங்காது. அதனால் ஆட்கள் சேர்ந்து அந்தப் புல்லை வேரோடு பெயர்த்தெடுக்கிறார்கள், நானும் போகிறேன். நம் மாட்டுக்கு உயிரான புல்லை மூட்டை கட்டும்போது மனசு ஒப்பவில்லை. ஆனாலும் இந்த மண்ணுக்கு அது ஆகாது.

கொறங்காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போடலாம் என்று தம்பி சொன்னானாம். வேண்டாம் அப்பா. பணம் அனுப்புகிறேன், அடுத்த மழைக்கு முன் ஆள் விட்டு, நம் உயிர்வேலியில் பட்டுப்போன இடத்திலெல்லாம் கிளுவைக் கம்பு நட்டுவிடுங்கள்.

அன்பு மகள்