தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பங்குனி உத்திரத்துக்குப் பெரிய மாமா வந்துவிட்டுப் போனார். மாடி வேலை பாதியில் நிற்கிறது, கொத்தனார் வரவில்லை. அக்காவுக்கு மசக்கை குறைந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

போனில் பேசினால் "சரிம்மா, நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் வகுப்பில் நடந்தது, படகில் போனது, கடல் பறவைகளுக்கு ரொட்டி போட்டது என்று நிறுத்தாமல் பேசுவாய். மார்ச்சில் இஸ்தான்புல்லில் வாட்ஸ்அப் முடங்கிக் கிடந்ததே, அதற்குப் பிறகு நீ எதையும் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் ஊர் மேயராக இருந்த எக்ரெம் இமாமோலுவைப் பற்றி மட்டும் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவன் நீதானே.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வை. இங்கே வாங்கிய பட்டம், மதிப்பெண் பட்டியல், அங்கே கொடுத்த இணைத்தன்மைச் சான்று, சேர்க்கைக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், எல்லாம். ஒரு செட் அக்காவின் மெயிலுக்கு அனுப்பு.

எக்ரெம் இமாமோலு 1990இல் சைப்ரஸில் இருந்த ஒரு கல்லூரியிலிருந்து இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். படித்தார், பட்டம் வாங்கினார். மேல்படிப்பும் முடித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2025 மார்ச் 18ஆம் தேதி, அந்த மாற்றமே முறைப்படி நடக்கவில்லை என்று பல்கலைக்கழகம் பட்டத்தை ரத்து செய்துவிட்டது. அவரோடு சேர்த்து 28 பேருக்கு. துருக்கியில் ஜனாதிபதி தேர்தலில் நிற்க உயர்கல்விப் பட்டம் வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அதனால் அவரை ஏன் தொட்டார்கள் என்பது புரிகிறது. மற்ற 27 பேர் யார், என்ன வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ படிப்பதும் அதே பல்கலைக்கழகம். வேலைக் காலம் முழுக்க நகராட்சியில் கோப்பு பார்த்தவள் நான். காகிதம் கையில் இருப்பவனே சில நேரம் தோற்றுப்போவான், இல்லாதவனுக்கு வழியே கிடையாது. நகல் எடுத்து வை.

அவர் கருங்கடல் பக்கம் டிராப்சோனில், அக்சாபாத் என்ற ஊரில் பிறந்தவர். குடும்பம் கட்டடத் தொழில். சின்ன வயதில் கால்பந்தில் கோல்கீப்பர். 2008இல்தான் இப்போது எதிர்க்கட்சியாக இருக்கும் குடியரசு மக்கள் கட்சியில் சேர்ந்தார். 2014இல் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பெய்லிக்துசு என்ற மாவட்டத்துக்கு மேயர். அதற்கு வெளியே அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் 2019 மார்ச் 31இல், இஸ்தான்புல் மாநகர மேயர் தேர்தலில், முன்னாள் பிரதமர் பினாலி இல்திரிமை எதிர்த்து நின்று சுமார் 13,000 வாக்கில் ஜெயித்தார். ஒரு கோடிக்கும் மேல் வாக்காளர்கள் இருக்கிற ஊரில் 13,000!

மே 6ஆம் தேதி அந்தத் தேர்தலையே ரத்து செய்தார்கள். சில வாக்குச்சாவடி அலுவலர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்பது காரணம். நான் எத்தனையோ தேர்தலுக்கு வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவள், உனக்கே தெரியும், உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு முதல் நாளே பெட்டியோடு போய்விடுவேன். அதனால் இந்தக் காரணத்தை ஒன்றுக்கு நாலு தரம் படித்தேன். மாநகர மேயருக்கும் மாவட்ட மேயருக்கும் மன்ற உறுப்பினருக்கும் போட்ட சீட்டுகள் ஒரே உறைக்குள்தான் இருந்தன. சாவடி ஒன்று, அலுவலர் அவரே, உறையும் ஒன்றுதான். அதில் மாநகர மேயர் சீட்டு மட்டும் செல்லாது, மற்றவை செல்லும் என்றால் எந்தச் சாவடி அலுவலரும் அதை ஏற்க மாட்டார். மக்களும் ஏற்கவில்லை. ஜூன் 23இல் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. வித்தியாசம் எட்டு லட்சத்துக்கு மேல் போனது. கோடை விடுமுறைக்கு வெளியூர் போனவர்கள் பஸ் பிடித்துத் திரும்பி வந்து வாக்களித்தார்களாம். பிரசார பஸ்ஸை ஒட்டி ஓடிவந்த ஒரு பையன் "எல்லாம் ரொம்ப நல்லா ஆயிடும், எக்ரெம் அண்ணா" என்று கத்தினானே, அதுதான் ஊர் முழுக்கக் கோஷமானது. நீ இதைச் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு அவரிடம் பிடித்தது கோஷமில்லை. 2020இல் கொரோனா நேரத்தில் மாநகராட்சி நன்கொடை திரட்டியது. மத்திய அரசு அந்த வங்கிக் கணக்குகளை முடக்கிவிட்டது. அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கட்ட முடியாதவர் தன் தண்ணீர் பில்லையோ கேஸ் பில்லையோ மாநகராட்சித் தளத்தில் போட வேண்டும். முடிந்தவர் யாராவது அதைக் கட்டிவிடுவார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. தம்பி, குடிநீர் வரி கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இணைப்பைத் துண்டிக்கப்போகிறார்கள் என்ற நோட்டீஸை மடித்து உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு, வரிசையில் முன்னே நிற்பவர் போகட்டும் என்று ஒதுங்கி நிற்பார்கள். பணமில்லை என்று அடுத்தவர் காதில் விழச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை மனதில் வைத்து ஒரு நிர்வாகம் திட்டம் போட்டிருக்கிறது. நாலு வயது வரை குழந்தை வைத்திருக்கும் தாய்க்குப் பஸ்ஸில் கட்டணமில்லை, ஏழைக் குழந்தைகளுக்குப் பால், மாநகராட்சி மழலையர் பள்ளி, மாணவர் விடுதி. நீ சாப்பிடுகிறாயே, அந்த மாநகராட்சி உணவகம் 2022இல் தொடங்கியது. நம் சென்னை மாநகராட்சி 2013இலேயே அம்மா உணவகம் திறந்துவிட்டது என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொன்னதாகச் சொன்னாய். அதில் எனக்குப் பெருமைதான். அங்கே இப்போதும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

2024இல் பத்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தார். ஜனாதிபதி எர்துவானும் 1994இல் இதே நாற்காலியில் உட்கார்ந்து மேலே போனவர்தான். ஒரு கவிதையைப் படித்ததற்காக 1999இல் நாலு மாதம் சிறையில் இருந்தவரும்கூட. அந்த ஊர் மேயர் பதவி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

பட்டம் ரத்தானது செவ்வாய்க்கிழமை. புதன் விடியற்காலையில் போலீஸ் வீட்டு வாசலில். அவர் டை கட்டிக்கொண்டே பேசிய வீடியோவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் ஊழல் வழக்கில் சிறைக்கு அனுப்பியது. அதே ஞாயிறுதான் அவரை ஜனாதிபதி வேட்பாளராக்க அவர் கட்சி நடத்திய வாக்குப்பதிவு. கட்சிக் கணக்குப்படி ஒன்றரைக் கோடிப் பேர் வாக்களித்தார்கள், பெரும்பாலோர் கட்சி உறுப்பினர்களே இல்லை. ஊழல் வழக்கு உண்மையா பொய்யா என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மறுக்கிறார். டெண்டர் கோப்பைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் செவ்வாய், புதன், ஞாயிறு என்று அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது.

உனக்கு வந்திருந்தால் தப்பில்லை. பல்கலைக்கழகம் இருக்கும் பெயாசித்தில் போலீஸ் தடுப்பைத் தள்ளிக்கொண்டு முதலில் போனவர்கள் உங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான் என்று படித்தேன். மாநகராட்சிக் கட்டடம் இருக்கும் சாராசானேயில் இரவு இரவாகக் கூட்டம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேரைப் பிடித்தார்கள், நிறையப் பேர் மாணவர்கள். செய்தி சேகரிக்கப் போன பிபிசிக்காரரையே 17 மணி நேரம் வைத்திருந்து நாடு கடத்தினார்கள்.

தம்பி, அது அவர்கள் ஊர். அடிபட்டாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே வீடு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், வாசலில் வந்து நிற்க அப்பா அம்மா இருக்கிறார்கள். நீ இகாமெத் அட்டையில், அந்த நாட்டில் தங்க அவர்கள் தரும் அனுமதியில் இருக்கிறாய். உன் படிப்புக்குப் பணம் தருவது அந்த நாட்டு அரசாங்கம். நம் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் உன்னுடையது. அந்த உதவித்தொகைக் கடிதம் வந்த அன்று அப்பா தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் காட்டினார். யாருக்காகவும் குரல் கொடுக்காதே என்று நான் உன்னை வளர்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், போகாதே. படிப்பு முடியட்டும். அப்புறம் நீ எழுது, பேசு, அவர்கள் நடத்திய விதத்தை ஊரறியச் சொல்.

இகாமெத் எப்போது முடிகிறது? புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டாயா? கடைசி வாரம் வரை காத்திருக்காதே. நகல்களை அனுப்பு.

நீ போனாயா இல்லையா என்று கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். இஸ்தான்புல் இந்தியத் துணைத் தூதரகத்தின் எண்ணைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, போனை வாங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வை. உன்னோடு யார் யார் சேர்ந்து போவார்கள், அவர்கள் வீட்டு எண் என்ன என்று அக்காவுக்கு எழுதி அனுப்பு. எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அவளுக்காவது அனுப்பு. இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அம்மா